‘டி.எச்.சி இல்லை’ என்று நான் எழுதிய எண்ணெய்

1. தவம் அண்ணையின் போத்தல்

சுவிசில், ஊஸ்டரில் இருந்த எங்கள் ஆய்வகத்தில் நான் தராசுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கீழே வரவேற்பு மேசையிலிருந்து அழைத்தார்கள். “உங்களைத் தேடி ஒருவர் வந்திருக்கிறார். பெயரை எனக்கு உச்சரிக்கத் தெரியவில்லை” என்றாள் அங்கிருந்த பெண். இறங்கிப் போனேன். தவம் அண்ணை நின்றார்.

தவம் அண்ணையையும் அவர் மனைவி ஜெயந்தியையும் அகதிகள் விடுதியில் இருந்த காலத்திலிருந்தே எனக்குத் தெரியும். ஒரே குசினியில் முறை வைத்துச் சமைத்தவர்கள் நாங்கள். பிறகு அவர்கள் எம்மன்புரூக்கே என்ற ஊருக்குக் குடிபோனார்கள். அங்கே அவர் சக்கர நாற்காலிப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்கும் சின்ன பஸ் ஓட்டினார். பதினாறு வருடமாக அதே வேலை. கலியாண வீடுகளில்கூட ஒரு வாய் பியர் குடிக்காத மனிதர்.

“என்னண்ணை, ஒரு போன் அடிச்சிருக்கலாமே. எப்பிடி வந்தனீங்கள்?”

“ரெயின்ல வந்தனான். ஓர்லிகோன்ல மாறி வந்தனான். கார் ஓடேலாது, விமலா. லைசென்சைப் பறிச்சுப்போட்டினம்.”

சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பழுப்புநிறப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். சி.பி.டி எண்ணெய், பத்து வீதம். அதற்குக் கீழே தடித்த எழுத்தில் ‘டி.எச்.சி இல்லாதது’ என்று ஜெர்மனில் இருந்தது. அதற்கும் கீழே, ஒரே தடவையில் தயாரித்த போத்தல்களுக்கெல்லாம் பொதுவான தொகுதி எண். அதன் பக்கத்தில் ஆய்வறிக்கை எண். அந்த எண் தொடங்கும் எழுத்துகள் எங்கள் ஆய்வகத்துடையவை.

நடந்ததைச் சொன்னார். சிவப்பு விளக்கில் நின்ற அவருடைய பஸ்ஸைப் பின்னால் வந்த ஒரு கார் இடித்துவிட்டது. நல்ல காலம், உள்ளே பிள்ளைகள் இல்லை. பொலிஸ் வந்து இரண்டு சாரதிகளையும் சோதித்தது. இடித்தவரின் சோதனையில் ஒன்றுமில்லை. இவருடைய எச்சிலில் கஞ்சா காட்டியது. பிறகு இரத்தமும் எடுத்தார்கள். அதிலும் இருந்தது.

“நான் சிகரெட்டே பத்துறேல்லை எண்டு உனக்குத் தெரியும்தானே. முதுகு, நாரி நோவுக்கு இந்த எண்ணெய் மட்டும்தான். காலமையும் பின்னேரமும் நாக்குக்குக் கீழ விடுறனான். வாங்கேக்குள்ள ரெண்டு தரம் கேட்டனான், நான் பஸ் ஓடுறனான், பிரச்சினை வராதோ எண்டு. கடைக்காரப் பிள்ளை இந்த எழுத்தைக் காட்டிச்சுது.”

நான் போத்தலைக் கையில் எடுத்து அந்த ஆய்வறிக்கை எண்ணை மறுபடி வாசித்தேன்.

“நான் சண்டைக்கு வரேல்லை, விமலா. இதுக்குள்ள என்ன கிடக்கு எண்டு பார்த்துச் சொல்லு. எனக்கு அது காணும்.”

2. நாங்கள் பார்த்த வேலை

கஞ்சா இனமான சணல் செடியில் நூற்றுக்கு மேற்பட்ட சேர்மங்கள் உண்டு. அவற்றில் இரண்டுதான் எங்கள் சோற்றுக்கு வழி. சி.பி.டி மயக்கம் தராதது. நோவுக்கும் நித்திரைக்கும் என்று ஆட்கள் வாங்குவது. டி.எச்.சி போதை தருவது. சுவிசில் ஒரு வீதத்துக்குக் குறைவாக டி.எச்.சி இருந்தால் அந்தச் செடியை வளர்க்கலாம், விற்கலாம். ஆனால் வாகனம் ஓட்டுகிறவரின் இரத்தத்தில் அது இருக்கவே கூடாது என்கிற அளவுக்குச் சட்டம் இறுக்கம். இந்த இரண்டு விதிகளுக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில்தான் தவம் அண்ணை மாட்டிக்கொண்டார்.

நான் இந்த ஆய்வகத்துக்குள் முதலில் வந்தது கண்ணாடிக் குடுவை கழுவ. ஊரில் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் இரசாயனம் படித்திருந்தேன். அந்தப் படிப்பு இங்கே எந்தக் கணக்கிலும் வரவில்லை. நாற்பது வயதில் இங்கத்தைய பரீட்சை எழுதி, ஆய்வகப் பணியாளர் என்று தாள் வாங்கினேன். ஆய்வகத் தலைவி ஃபிராவ் கெல்லர் என்னைவிடப் பத்து வயது இளையவர். குட்டையாக வெட்டிய தலைமயிர், மலை ஏறுகிறவர்களின் சப்பாத்து. அவரும் மற்றச் சுவிஸ்காரர்களும் கதைத்ததெல்லாம் சுவிஸ் ஜெர்மன். இங்கே நான் அதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

எண்ணெய் சோதிப்பது சொல்லச் சுலபம். கொஞ்சம் நிறுத்து எடுத்து, கரைப்பானில் கலந்து, வடிகட்டி, சின்னக் குப்பியில் அடைத்து எச்.பி.எல்.சி இயந்திரத்தில் வைக்க வேண்டும். இயந்திரம் அதை ஒரு நீண்ட குழாய்க்குள் தள்ளும். ஒவ்வொரு சேர்மமும் தனக்குரிய நேரத்தில் வெளியே வரும். வரும்போது கணினித் திரையில் ஒரு மலை எழும்பும். மலையின் பரப்பு எவ்வளவோ, சரக்கு அவ்வளவு. இருபது வருடம் பார்த்தும் எனக்கு அது அலுக்கவில்லை. ஒரு துளி எண்ணெய் தன்னிடம் உள்ளதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிடுகிறது.

சிக்கல் ஒன்று உண்டு. பத்து வீத எண்ணெயில் சி.பி.டி மலை மிகப் பெரியது. அதைச் சரியாக அளக்க எண்ணெயை ஆயிரக்கணக்கான மடங்கு நீர்த்துப்போகச் செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் கொஞ்சமாக உள்ள டி.எச்.சி, கோட்டோடு கோடாகப் படுத்துவிடும். ஆகவே ஒவ்வொரு எண்ணெயையும் இயந்திரத்தில் இரண்டு தரம் ஓட்ட வேண்டும்: நீர்த்தது ஒன்று சி.பி.டிக்கு, நீர்க்காதது ஒன்று டி.எச்.சிக்கு. இரண்டாவது ஓட்டத்திலும் ஒன்றும் எழும்பாவிட்டால் மட்டும் அறிக்கையில் ‘என்.என்.’ என்று எழுதுவோம். ஜெர்மனில் அது ‘கண்டறியப்படவில்லை’ என்பதன் சுருக்கம்.

3. திரையில் எழும்பிய மலை

போத்தலை எடுத்துக்கொண்டு ஃபிராவ் கெல்லரின் அறைக்குப் போனேன். முழுவதையும் கேட்டார். பிறகு, “அந்த மனுசர் உங்களுக்கு ஆர்?” என்றார்.

“சொந்தமில்லை. ஆனால் சொந்தம் மாதிரி.”

“அப்ப நீங்கள் இதைத் தொடக்கூடாது. நான் செய்யிறன். நீங்கள் அவருக்கு ஒரு கோப்பி குடுங்கோ.”

மற்ற எல்லா வேலையையும் ஒதுக்கிவைத்துவிட்டு அவரே நிறுத்தார், அவரே கரைத்தார். வாடிக்கையாளர் தரும் ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு பங்கை நாங்கள் குளிர் அறையில் பத்திரப்படுத்தி வைப்போம். அதே தொகுதியின் பங்கையும் எடுத்து வந்தார். இரண்டையும் நீர்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினார். தவம் அண்ணையை ரயில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்து நான் அவருக்குப் பின்னால் நின்றேன்.

சி.பி.டி மலை எழும்பி இறங்கியது. கோடு சமதரையாக ஓடியது. டி.எச்.சியின் நேரம் வந்ததும் ஒரு சின்ன மலை, தெளிவாக, எழும்பியது. தவம் அண்ணையின் போத்தலில் இருந்தது. அடுத்து எங்கள் குளிர் அறை மாதிரி. அதிலும் அதே உயரத்தில் அதே மலை.

என் மனதின் ஒரு மூலையில், கடைக்காரர் போத்தலை மாற்றி நிரப்பியிருப்பார் என்று ஒரு ஆசை இருந்தது. அது அந்த நிமிடமே போய்விட்டது. பிழை எங்கள் வீட்டுக்குள்தான்.

ஃபிராவ் கெல்லர் பழைய கோப்பைத் திறந்தார். அந்தத் தொகுதிக்கு ஒரே ஓட்டம்தான் இருந்தது. நீர்த்தது மட்டும். நீர்க்காத ஓட்டம் இல்லை. கீழே என் பெயரின் எழுத்துகள்.

அந்த நாள் எனக்கு ஞாபகம் வந்தது. எங்கள் இரண்டு இயந்திரங்களில் ஒன்று பழுது. மேசை நிறைய மாதிரிகள். நீர்க்காத குப்பியை நாளைக்கு வைப்போம் என்று தட்டில் எடுத்து வைத்தேன். அடுத்த நாள் அறிக்கை எழுதும்போது ஓட்டினேன் என்றே நினைத்துவிட்டேன். திரையில் டி.எச்.சி இல்லை, என்.என். என்று எழுதினேன். நான் பார்த்தது, டி.எச்.சி இருந்தாலும் காட்டாத நீர்த்த ஓட்டத்தின் படத்தை.

“நான்தான் செய்தனான்” என்றேன்.

“ரெண்டாவது கையெழுத்து ஆருடையது?”

“உங்கட.”

“ஓம். ஓட்டம் ரெண்டும் இருக்கோ எண்டு பார்த்துக் கையெழுத்து வைக்கத்தான் எனக்குச் சம்பளம். நான் பார்க்கேல்லை. ஆர் பிழை எண்டு பிறகு கதைப்பம். முதல்ல இந்தத் தொகுதி எத்தினை போத்தல் வெளியில நிக்குது எண்டு பார்ப்பம்.”

4. இரண்டாம் பக்கத்துச் சின்ன எழுத்து

எங்கள் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு வசனம் உண்டு. முடிவு கொடுக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும், அளவீட்டு எல்லைக்குக் கீழே உள்ளதற்கு ஆய்வகம் பொறுப்பல்ல என்று. எங்கள் ஆய்வகத்தின் காப்புறுதி நிறுவனத்து ஆள் தொலைபேசியில் அதையே பிடித்துக்கொண்டார். ஒன்றும் எழுதிக் கொடுக்காதீர்கள், ஒன்றையும் ஒப்புக்கொள்ளாதீர்கள் என்றார். ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த வசனம் அப்போது எனக்கு வெள்ளத்தில் அடிபட்டுப் போகிறவன் கண்ட மரம் போல இருந்தது. கோப்பை மூடலாம். தவம் அண்ணைக்கு ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம்.

ஃபிராவ் கெல்லர் தொலைபேசியை வைத்துவிட்டுச் சொன்னார்: “போத்தலை வாங்குறவர் எங்கட ரெண்டாம் பக்கத்தை வாசிக்கிறேல்லை.”

உடனே எண்ணெயை விற்றவரை அழைத்தார். அவர் மலையோரத்தில் சணல் பயிரிடும் கமக்காரர், பெயர் வேண்டாம். அவர் போட்ட சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

“நீங்கள்தானே இல்லை எண்டு எழுதித் தந்தனீங்கள்! அதைப் பார்த்துத்தானே நான் லேபல் அடிச்சனான்!”

“ஓம். நீங்கள் சொல்லுறது சரி” என்றார் ஃபிராவ் கெல்லர்.

அந்தப் பக்கம் சத்தம் நின்றுவிட்டது. மறுத்துக் கதைப்பார் என்று எதிர்பார்த்திருப்பார் போல. கொஞ்சம் பொறுத்து, தணிந்த குரலில், எந்தெந்தக் கடைகளுக்குக் கொடுத்தேன் என்ற பட்டியலை இன்றைக்கே அனுப்புகிறேன் என்றார். அனுப்பினார். தொகுதி முழுவதையும் திருப்பி எடுத்தார். மாநில அதிகாரிகளுக்கு எங்கள் ஆய்வகமே அறிவித்தது, யாரும் கேட்பதற்கு முன்னால்.

அதோடு விடவில்லை. அதற்கு முந்திய அரை வருடத்தில் நாங்கள் சோதித்த எல்லா எண்ணெய்களையும் குளிர் அறையிலிருந்து இறக்கி மறுபடி ஓட்டச் செய்தார். இன்னும் இரண்டு தொகுதிகளில் அதே பிழை இருந்தது. ஒன்று என்னுடையது. மற்றது வேறொருவர் செய்தது. அந்த இரண்டு வாடிக்கையாளர்களையும் அவரே அழைத்தார். ஒருவர் அத்தோடு எங்களை விட்டுப் போனார்.

நான் வேலையை விட்டுப் போகத் தயாராகத்தான் இருந்தேன். கடிதம்கூட எழுதி வைத்திருந்தேன். கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் வாசிக்காமலே திருப்பித் தந்தார்.

“உங்களை அனுப்பினால் அந்தப் பிழை உங்களோட வெளிக்கிட்டுப் போகுமோ? ஒரு ஓட்டத்தோட அறிக்கை எழுதலாம் எண்ட வழி இங்கதான் திறந்து கிடக்கும். அதை எப்பிடி அடைக்கிறதெண்டு விழுந்த ஆளுக்குத்தான் தெரியும். புது நடைமுறையை நீங்கள் எழுதுங்கோ.”

அந்த வருடம் தர மேற்பார்வையாளர் வந்தபோது, பிழை அறிக்கையை அவர் கேட்காமலே முதல் கோப்பாக மேசையில் வைத்தார் ஃபிராவ் கெல்லர். என் கையெழுத்தில் நான்கு பக்கம். மேற்பார்வையாளர் வாசித்துவிட்டு என்னிடம் மூன்று கேள்வி கேட்டார். நான் பதில் சொன்னேன். சில நிபந்தனைகளோடு ஆய்வகத்தின் அங்கீகாரம் தொடர்ந்தது.

5. எம்மன்புரூக்கேயில் ஒரு சனிக்கிழமை

அந்த மேற்பார்வைக்கெல்லாம் முன்னால், பிழை தெரிந்த கையோடு, தவம் அண்ணைக்குத் தபாலில் கடிதம் அனுப்பலாம் என்றேன். ஃபிராவ் கெல்லர் மறுத்துவிட்டார். “அவர் எங்களிட்ட ரெயின் ஏறி வந்தவர். நாங்களும் போவம்.”

சனிக்கிழமை காலை இருவரும் எம்மன்புரூக்கேக்குப் போனோம். ஜெயந்தி கதவைத் திறந்தாள். தவம் அண்ணை சாரத்தை மாற்றிக் காற்சட்டை போட்டு, சேர்ட்டை உள்ளே விட்டு, அலுவலகத்துக்குப் போகிறவர் போல நின்றார். தேத்தண்ணீர் வந்தது. ஃபிராவ் கெல்லர் அதைத் தொடாமல் கதைக்கத் தொடங்கினார். தவம் அண்ணைக்கு ஜெர்மன் நன்றாகத் தெரியும். ஆனாலும் இது சட்டமும் இரசாயனமும் கலந்த விஷயம் என்பதால், ஒவ்வொரு வசனமாக நான் தமிழில் சொன்னேன்.

“நாங்கள் பிழை விட்டுட்டம். அந்த எண்ணெயில டி.எச்.சி இருந்தது. எங்கட அறிக்கை இல்லையெண்டு சொன்னது. நீங்கள் அதை நம்பினனீங்கள். உங்கட பக்கம் ஒரு குற்றமும் இல்லை. வாகனப் போக்குவரத்து அலுவலகத்துக்கு இதை எழுதிக்கொண்டு வந்திருக்கிறன், கையெழுத்தோட. இதால உங்கட லைசென்ஸ் உடன வரும் எண்டு நான் வாக்குக் குடுக்கேலாது. முடிவு எடுக்கிறது அவை.”

‘நாங்கள்’ என்று மொழிபெயர்த்தபோது என் வாயில் அந்தச் சொல் நிற்கவில்லை.

“அண்ணை, அவ நாங்கள் எண்டு சொல்லுறா. சோதிச்சது நான். ஒரு ஓட்டத்தை விட்டிட்டன். என்ர கைதான்.”

ஜெயந்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஃபிராவ் கெல்லருக்கு நான் என்ன சொன்னேன் என்று விளங்கியிருக்க வேண்டும். கொண்டுவந்த கடிதத்தைத் தவம் அண்ணையின் பக்கம் தள்ளிவைத்தார்.

“எனக்குக் கோவம் இல்லையெண்டு சொன்னால் பொய்” என்றார் தவம் அண்ணை. “இருக்கு. அது கொஞ்சநாள் இருக்கும். ஆனால் எனக்கு ஒண்டு செய்து தாங்கோ. லைசென்ஸ் பிந்தி வரட்டும். அந்தப் பிள்ளையளின்ர தாய் தேப்பன், நான் கஞ்சா அடிச்சிட்டு அவையின்ர பிள்ளையளை ஏத்தினனான் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கினம். கடையில கண்டால் மற்றப் பக்கம் திரும்பிப் போகினம். அவைக்கு ஆராவது சொல்லவேணும்.”

நான் மொழிபெயர்த்தேன். ஃபிராவ் கெல்லர் கேட்டது ஒன்றுதான். “அவையள் எங்க கூடுவினம்?”

6. பெற்றோர் கூட்டம்

பாடசாலை அதிபர் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கால் மணி நேரம் ஒதுக்கித் தந்தார். இருபது பேர் இருந்திருப்பார்கள். நானும் தவம் அண்ணையும் ஓரமாக இருந்தோம். ஃபிராவ் கெல்லர் முன்னால் போய் நின்று, இரண்டு படங்களைச் சுவரில் காட்டினார். ஒன்று நாங்கள் அறிக்கை எழுதிய படம். மற்றது பிறகு எடுத்தது. “இதில இந்த மலை இருக்குது. இதில இல்லை. இல்லாத மாதிரித் தெரிஞ்சதுக்குக் காரணம் நாங்கள் சரியாப் பார்க்கேல்லை” என்றார். ஐந்து நிமிடத்தில் முடித்தார்.

ஒரு தாய் எழுந்தார். “அந்தக் கிழமைகளில என்ர மகள் போன பஸ்ஸை ஓட்டினவர் என்ன நிலையில இருந்தவர்? அதைச் சொல்லுங்கோ.”

ஒன்றும் இருந்திருக்காது என்று சொல்லிவிடலாம். கூட்டமும் அதைத்தான் கேட்க விரும்பியது. ஃபிராவ் கெல்லர் சொன்னார்: “போத்தலில எவ்வளவு இருந்தது எண்டு நான் சொல்லலாம். மிகக் கொஞ்சம். அவற்ற உடம்பில அது என்ன செய்தது எண்டு நான் சொல்லேலாது. நான் வைத்தியர் இல்லை. இன்னொருக்கா எனக்குத் தெரியாததைத் தெரியும் எண்டு எழுதமாட்டன், சொல்லவும் மாட்டன். எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சது இதுதான்: அந்த மனுசர் இது கலக்காத எண்ணெய் வேணும் எண்டு கேட்டு வாங்கினவர்.”

அந்தத் தாய் திருப்தியோடு அமரவில்லை. ஆனால் அமர்ந்தார். பின்வரிசையிலிருந்து ஒரு தகப்பன் கையை உயர்த்தினார். உயரமான, கதைக்கக் கூச்சப்படுகிற ஆள். “என்ர மகனை ஒன்பது வருசம் இவர் ஏத்தினவர். மகன் வேற ஆளோட போகமாட்டன் எண்டு காலமையில அழுறான். லைசென்ஸ் வரும்வரைக்கும் இவர் பஸ்ஸில உதவியாளா வந்து இருக்கேலாதோ?”

அதிபர் பஸ் நிறுவனத்தோடு கதைத்தார். அடுத்த கிழமையிலிருந்து வேறொருவர் ஓட்ட, தவம் அண்ணை பின்னால் பிள்ளைகளோடு அமர்ந்து, இருக்கைப் பட்டி மாட்டி, நாற்காலிகளைப் பூட்டி, பாடசாலை வரை போய் வந்தார். அந்த ஒரு தாய் மட்டும் தன் மகளைத் தானே காரில் கொண்டுவந்து விட்டார். அது அவருடைய உரிமை என்று தவம் அண்ணையே சொன்னார்.

மருத்துவப் பரிசோதனைகள், கடிதங்கள், காத்திருப்பு. ஏழு மாதம் கழித்து லைசென்ஸ் வந்தது. ஜெயந்தி எனக்கு அழைத்தாள். பிழை வெளியே வந்த நாளிலிருந்து அவள் என்னோடு கதைத்தது அதுதான் முதல் தடவை. “இவர் நாளைக்குப் பஸ் ஓடப்போறார்” என்றாள். அவ்வளவுதான். ஆனால் தொலைபேசியை அவள் உடனே வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.

7. புதிதாக வருகிறவர்களுக்கு

நான் எழுதிய நடைமுறை இப்போதும் அங்கே இருக்கிறது. இரண்டு ஓட்டமும் கோப்பில் இல்லாவிட்டால் கணினி எண்ணெய் அறிக்கையை வெளியே விடாது. வெறும் என்.என். என்று எழுதுவதை நிறுத்திவிட்டோம். இவ்வளவுக்குக் கீழே என்று எண்ணோடு எழுதுகிறோம். ‘இல்லாதது’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எங்கள் அறிக்கை எண்ணைப் போடக்கூடாது என்று ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் கையெழுத்து வாங்குகிறோம். இதனால் சில வியாபாரிகள் வேறு ஆய்வகத்துக்குப் போனார்கள். போகட்டும்.

நான் ஓய்வு பெற்று ஒரு வருடமாகிறது. ஆய்வகத்தில் சேரும் நம் பிள்ளைகள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு, எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று. ஒன்றும் தெரியவில்லை என்று இயந்திரம் சொன்னால், தெரியக்கூடிய விதத்தில் பார்த்தேனா என்று முதலில் உங்களைக் கேளுங்கள். அசதியான நாளில் இரண்டு மடங்காகக் கேளுங்கள். அப்படிக் கேட்டும் ஒரு நாள் பிழை வரும். வந்தால் ஒளிக்காதீர்கள், யாருக்குப் பட்டதோ அவருடைய வாசலுக்குப் போங்கள்.

இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பிழை விடாத ஆய்வகத் தலைவர்கள் எங்கேயாவது இருக்கலாம். இருபது பெற்றோருக்கு முன்னால் நின்று ‘நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை’ என்று சொன்ன ஒருத்தியின் கீழ் நான் வேலை செய்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு அறிக்கையையும் முழுவதும் வாசித்துவிட்டுத்தான் நான் கையெழுத்து வைத்தேன்.